கரீபியன் குரூஸும் இரண்டரை வயதுப் பையனும்

அன்புள்ள அக்கா,

உங்கள் பயணக் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். நாங்கள் அட்லாண்டாவில் இருக்கிறோம். ஜூன் மாதம் பள்ளி விடுமுறையில் மயாமியிலிருந்து கிளம்பும் ஏழு இரவு குரூஸ் பதிவு செய்திருக்கிறோம். ஜமைக்காவில் ஓச்சோ ரியோஸ், கிராண்ட் கேமன், மெக்சிகோவின் கொசுமெல், கடைசியாக பஹாமாஸில் கப்பல் கம்பெனியின் சொந்தத் தீவு. மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு இரண்டரை. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவும் எங்களோடு வருகிறார். அவருக்கு முட்டி வலி உண்டு, சுத்த சைவம்.

கம்பெனியின் தளத்தில் ‘குடும்பத்துக்கு ஏற்றது’ என்ற குறியோடு பக்கம் பக்கமாக டூர்கள் இருக்கின்றன. படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. கணவர் துலுமில் உள்ள மாயன் இடிபாடுகளைப் பார்த்தே தீர வேண்டும் என்கிறார். மகள் டால்பினோடு நீந்த வேண்டும் என்று ஒரே பிடிவாதம். வெளியில் பதிவு செய்தால் விலை குறைவு என்கிறார்களே, அதை நம்பிப் போகலாமா?

சுபா

*

அன்புள்ள சுபா,

உங்கள் மகன் டயப்பரை விட்டுவிட்டானா? கடிதத்தில் அது இல்லை. உங்கள் கரை நாட்களை எப்படிப் பிரிப்பது என்பதை அதுதான் முடிவு செய்யும். அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வந்து போகும் கப்பல்களுக்கு அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் சுகாதார விதிகள் உண்டு. அவற்றின்படி டயப்பர் போடும் குழந்தையைக் கப்பலின் பொது நீச்சல்குளத்தில் இறக்க முடியாது. நீச்சல் டயப்பர் போட்டிருந்தாலும் விட மாட்டார்கள். சில கப்பல்களில் கைக்குழந்தைகளுக்கென்று தனியாக ஒரு சின்ன நீர்விளையாட்டு இடம் இருக்கும், பலவற்றில் அதுவும் இல்லை. குழந்தைகள் கிளப்பிலும் பெரும்பாலும் மூன்று வயது முடிந்து, டயப்பரை விட்ட பிள்ளைகளைத்தான் சேர்த்துக்கொள்வார்கள். அக்கா சறுக்கிலிருந்து தண்ணீரில் விழுந்து சிரிப்பதைக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்து அழும் தம்பிகளை நான் நிறையக் கப்பல்களில் பார்த்திருக்கிறேன்.

ஆகவே உங்கள் மகனுக்கு அந்த வாரம் முழுக்கக் கிடைக்கப்போகும் தண்ணீர், கரையில் இருக்கும் கடல்தான். கரை நாட்களை முதலில் அவனுக்காகத் தேர்ந்தெடுங்கள். அவனுக்குச் சரிப்படும் இடம் முட்டி வலி உள்ள உங்கள் அம்மாவுக்கும் அநேகமாகச் சரிப்படும். மகளுக்கென்று ஒன்றே ஒன்று பெரிதாகச் செய்யுங்கள். கணவரின் ஆசைக்கும் வழி இருக்கிறது, சொல்கிறேன்.

‘குடும்பத்துக்கு ஏற்றது’ என்ற குறியைப் பார்த்து ஏமாற வேண்டாம். அந்த வயதுக் குழந்தையை அழைத்துவரத் தடையில்லை என்பதற்கு மேல் அது அதிகம் சொல்வதில்லை. விவரத்தில் மொத்தம் எத்தனை மணி நேரம் என்று இருக்கும். அதில் போகவர எவ்வளவு, இடத்தில் இருப்பது எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். கப்பல் படியிலிருந்து தண்ணீரைத் தொட அரை மணிக்கு மேல் ஆகுமென்றால் இரண்டரை வயதுக்கு அது வேண்டாம். நிழல் இருக்கிறதா, கழிப்பறை இருக்கிறதா, குழந்தைக்குத் தூக்கம் வந்தால் நடுவில் கிளம்ப முடியுமா என்று பாருங்கள். கூட்டமாகப் பேருந்தில் அழைத்துப்போகும் டூரில் நடுவில் கிளம்பவே முடியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே சின்னக் குழந்தை உள்ளவர்களுக்கு வழிகாட்டியோடு போகும் டூரை விடக் கடற்கரை கிளப்பின் ஒரு நாள் பாஸ் நல்லது என்பேன்.

இப்போது துலும். கொசுமெல் ஒரு தீவு, துலும் இருப்பது எதிரே உள்ள பெருநிலத்தில். படகேறி முக்கால் மணி நேரம் போய் பிளாயா தெல் கார்மெனில் இறங்க வேண்டும். அங்கிருந்து பேருந்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். திரும்பி வரவும் அதே பாடு. படகு நன்றாக ஆடும், குழந்தைகள் வாந்தி எடுப்பது சகஜம். போய்ச் சேர்ந்தால் கடலோரப் பாறை மேல் வெட்ட வெளியில் இடிபாடுகள், ஜூன் மாத வெயில், நிழல் கிடையாது. ஏழெட்டு மணி நேர டூரில் பாதிக்கு மேல் பயணத்திலேயே போய்விடும். துலும் அற்புதமான இடம், உங்கள் கணவர் ஆசைப்படுவதில் தவறே இல்லை. அவர் மட்டும் போய்வரட்டும். ஆனால் கப்பல் வழியாகவே பதிவு செய்யச் சொல்லுங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். தனியாகப் போக மனமில்லை என்றால் கொசுமெல் தீவுக்குள்ளேயே சான் கெர்வாசியோ என்ற மாயன் தலம் இருக்கிறது. இஷ்செல் என்ற பெண் தெய்வத்தை வணங்கப் பெருநிலத்திலிருந்து பெண்கள் ஓடத்தில் கடல் கடந்து வந்த இடம் அது. கட்டடங்கள் சிறியவை, துலுமின் கடல் காட்சி அங்கே கிடையாது. ஆனால் காலையில் டாக்ஸியில் போய்ப் பார்த்துவிட்டு மதியத்துக்குள் உங்களோடு கடற்கரையில் சேர்ந்துகொள்ளலாம்.

கொசுமெலில் நீங்களும் குழந்தைகளும் அம்மாவும் மேற்குக் கரையில் இருங்கள். அந்தப் பக்கம் கடல் குளம் மாதிரி அடங்கிக் கிடக்கும். கிழக்குக் கரை பார்க்க அழகு, அலையும் நீரோட்டமும் பலம், அங்கே குழந்தைகளை இறக்கவே கூடாது. சர்காசம் என்ற பழுப்பு நிறக் கடற்பாசி கோடையில் வந்து ஒதுங்குவதும் பெரும்பாலும் கிழக்கில்தான். மேற்கில் வரிசையாகக் கடற்கரை கிளப்புகள் உண்டு. நீச்சல்குளம், குடை, சாய்வு நாற்காலி, கழிப்பறை, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரு கட்டணம். ஜூனில் முன்கூட்டியே பதிவு செய்வது நல்லது. அம்மாவின் சாப்பாட்டுக்கு ஒரு எச்சரிக்கை: மெக்சிகோவில் மசித்த பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவது வழக்கம், பார்க்கச் சைவமாகத்தான் தெரியும். ‘மான்தேகா’ போட்டிருக்கிறதா என்று கேளுங்கள், அதுதான் அந்தக் கொழுப்பின் பெயர். பழமோ வீட்டில் செய்த பண்டமோ கப்பலிலிருந்து கரைக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள். பிரிக்காத பிஸ்கட், சிப்ஸ் பாக்கெட் என்றால் பொதுவாகப் பிரச்சினை இல்லை. காலையில் கப்பலிலேயே அம்மா வயிறாரச் சாப்பிட்டுவிட்டு இறங்கட்டும். வெறும் சாதமும் தயிரும் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் கிடைத்துவிடும்.

கொசுமெலில் இன்னொரு விஷயம் மிக முக்கியம், நேரம். அந்தத் தீவு இருக்கும் கின்தானா ரோ மாநிலம் 2015 முதல் கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. ஜமைக்காவும் கேமனும் அப்படியே. ஆகவே ஜூனில் மயாமியில் மாலை 4:30 ஆகும்போது இந்த மூன்று ஊர்களிலும் 3:30. கப்பல் உள்ளூர் நேரத்துக்கு மாறலாம், மயாமி நேரத்திலேயே ஓடவும் செய்யலாம். கரையில் கைப்பேசி தானாக உள்ளூர் நேரத்துக்குப் போய்விடும். ‘இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறதே’ என்று நிதானமாக வந்து, நகர்ந்துவிட்ட கப்பலைப் பார்த்து நிற்பவர்கள் இப்படித்தான் மாட்டுகிறார்கள். சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்தில் வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள், இறங்கும்போது வாசலில் எழுதியிருக்கும் கடைசி நேரத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, மகளின் டால்பின். சுபா, இதில் நான் உங்களை வருந்திக் கேட்டுக்கொள்கிறேன், வேண்டாம். ஒரு நாளில் பல பத்துக் கிலோமீட்டர் திரியும் பிராணி அது. தன் கூட்டத்தோடு வாழ்வது, ஒலியை அனுப்பி எதிரொலியால் உலகத்தை அறிவது. அதை வலையடித்த பட்டிக்குள் வைத்து, வரிசையில் வருபவர்களுக்கு முத்தம் கொடுக்கப் பழக்கியிருக்கிறார்கள். கடல் பாலூட்டிகளை வைத்துக் காட்சி நடத்துவதைத் தடுக்க மெக்சிகோவே 2025-ல் சட்டம் கொண்டுவந்தது. ஆறு வயதுப் பெண்ணுக்கு இது புரியும், உண்மையைச் சொல்லிப் பாருங்கள். அதோடு, அவளுக்குக் கொடுக்க இதைவிடப் பெரிய ஒன்று உங்கள் பயணத்திலேயே இருக்கிறது.

கிராண்ட் கேமனின் வடக்கு விரிகுடாவில், கரையிலிருந்து படகில் அரை மணி தொலைவில், நடுக்கடலில் ஒரு மணல் திட்டு. பெரியவர்களுக்கு இடுப்பளவு தண்ணீர், அடி மணல் தெரியும் தெளிவு. அங்கே பெரிய பெரிய திருக்கைகள் மனிதர்களைச் சுற்றிச் சுற்றி வருகின்றன. கூண்டும் இல்லை, வலையும் இல்லை. முன்பு மீனவர்கள் பவளப்பாறைக்கு உள்பக்கம் இருக்கும் இந்த அமைதியான நீரில் படகை நிறுத்தி மீனைச் சுத்தம் செய்வார்கள், கழிவைக் கடலில் வீசுவார்கள். அதைத் தின்ன வந்த திருக்கைகள் படகுச் சத்தம் கேட்டாலே கூடப் பழகிவிட்டன. இன்று படகுக்காரர்கள் கணவாய்த் துண்டு கொடுக்கிறார்கள். இஷ்டப்பட்டால் வரும், இஷ்டப்பட்டால் போய்விடும். அதன் வயிற்றுப் பக்கம் தொட்டால் தோல் உரித்த நுங்கு போல இருக்கும். உங்கள் மகள் அதை மறக்கமாட்டாள்.

வாலில் முள் உண்டுதான். காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்தபடி நடக்க வேண்டும், அப்போது கால் அதன் மேல் படாது. வாலைத் தொடக் கூடாது. தண்ணீரை விட்டு வெளியே தூக்கிப் படம் எடுப்பதைக் கேமன் சட்டமே தடை செய்கிறது, படகுக்காரர் தூக்கித் தருகிறேன் என்றாலும் மறுத்துவிடுங்கள். ஆறு வயதுக்குத் தண்ணீர் நெஞ்சுக்கு மேல் வரும், அதனால் மிதவைச் சட்டை போட்டு அப்பா பிடித்துக்கொள்ள வேண்டும். மகன் உங்கள் இடுப்பில் இருக்கலாம், பயந்தால் படகில் பாட்டி மடிக்குப் போகலாம். ஏணியில் இறங்கி ஏற முட்டி ஒத்துழைக்காது என்பதால் அம்மா படகிலேயே இருப்பதுதான் நல்லது. மேலிருந்தே எல்லாம் தெரியும், கூரை உள்ள படகா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பல கப்பல்கள் வரும் நாளில் அந்தத் திட்டில் கால் வைக்க இடம் இருக்காது. இருப்பதிலேயே முதல் படகை எடுங்கள். திரும்பும் வழியில் நட்சத்திர மீன்கள் கிடக்கும் ஸ்டார்ஃபிஷ் பாயிண்டில் நிறுத்தும் படகாக இருந்தால் இன்னும் நல்லது. அங்கே தண்ணீர் முழங்கால் அளவுதான், மகனின் இடம் அது. அந்த மீன்களையும் வெளியே எடுக்கக் கூடாது.

கேமனில் கப்பல் கரையை ஒட்டி நிற்காது. நங்கூரம் போட்டுச் சிறு படகுகளில்தான் ஜார்ஜ் டவுனுக்குக் கொண்டுபோவார்கள். கப்பல் துறை கட்டலாமா என்று 2025 ஏப்ரலில் வாக்கெடுப்பு நடந்தபோது மக்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பவளப்பாறையை நினைத்தால் எனக்கு அந்த முடிவு பிடித்திருக்கிறது, உங்கள் அம்மாவுக்குத்தான் கொஞ்சம் சிரமம். ஆடும் படகில் கால் வைக்கும்போது மாலுமிகள் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்வார்கள், அவர் அவசரப்படாமல் இருந்தால் போதும். ஸ்ட்ரோலரை மடிக்க வேண்டியிருக்கும், லேசானதாகக் கொண்டுபோங்கள். கடல் கொந்தளித்தால் கேப்டன் கேமனையே விட்டுவிட்டுப் போய்விடுவார். மகளிடம் திருக்கையை நிச்சயம் என்று சத்தியம் செய்து வைக்காதீர்கள்.

ஓச்சோ ரியோஸ் என்றால் எல்லோரும் டன்ஸ் ரிவர் அருவியைத்தான் சொல்வார்கள். ஏறத்தாழ 180 மீட்டர் நீளத்துக்குப் படிப்படியாக இறங்கி நேரே கடலில் கலக்கும் அருவி. கீழேயிருந்து மேலே, கை கோத்துச் சங்கிலியாக ஏறுவார்கள். பாறை வழுக்கும். மகள் தைரியசாலி என்றால், தண்ணீரில் போடும் ஷூவோடு, அப்பாவோடு போகட்டும். நடுநடுவே வெளியே வர வழி உண்டு, பக்கத்தில் படிக்கட்டும் உண்டு. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு யாரும் ஏற வேண்டாம். நீங்களும் அம்மாவும் மகனும் அன்று துறைக்குப் பக்கத்திலேயே இருக்கும் கடற்கரையில் ஒரு மணி நேரம் விளையாடிவிட்டுக் கப்பலுக்குத் திரும்பிவிடுங்கள். காலியான கப்பலில் அவன் நன்றாகத் தூங்குவான். ஜமைக்காவில் வண்டி இடதுபக்கம் ஓடும், மலைச்சாலை வளைந்து வளைந்து போகும், டாக்ஸியில் குழந்தை கார் சீட் பெரும்பாலும் இருக்காது. தொலைவு போகும் டூர்களை அங்கே நான் சொல்லாததற்குக் காரணம் இதுதான்.

பஹாமாஸ் தீவுக்கு எதையும் பதிவு செய்ய வேண்டாம். மணலும் நிழலும் மதியச் சாப்பாடும் டிக்கெட்டிலேயே சேர்ந்திருக்கும். தனிக் கட்டணம் வாங்கும் வாட்டர் பார்க் இருந்தால் உயரக் கட்டுப்பாட்டைப் பார்க்காமல் மகனுக்குப் பணம் கட்டாதீர்கள்.

கப்பல் வழியா, வெளியிலா? கப்பல் வழியாக எடுத்த டூர் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகத்துக்கு உங்களைக் கொண்டுசேர்ப்பது அவர்கள் பொறுப்பு. வெளியில் எடுத்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. கடல் கடந்து, இரண்டு வண்டி மாறிப் போகும் துலுமுக்கு அந்தக் கூடுதல் விலை தகும். கப்பலே கண்ணில் படும் தொலைவில் இருக்கும் கடற்கரை கிளப்புக்கு அது வீண். திருக்கைப் படகு இரண்டுக்கும் நடுவில். வெளியே எடுத்தால் கூட்டம் குறைந்த சின்னப் படகு கிடைக்கும், குழந்தைகளுக்கு அதுவே நல்லது. கப்பல் வராத பட்சத்தில் முழுப் பணமும் திரும்பும் என்று எழுத்தில் கொடுப்பவராகப் பாருங்கள். எங்கே போனாலும் கடைசி நேரத்துக்கு ஒன்றரை மணி முன்பே துறையில் இருங்கள்.

இரண்டு குழந்தைகளுக்கும் முழுக்கை நீச்சல் சட்டை வாங்குங்கள். கொசுமெலின் பவளப்பாறைகள் 1996 முதல் தேசியப் பூங்கா, அங்கே சாதாரண சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டு இறங்க வேண்டாம் என்பார்கள். சட்டை மூடும் இடத்தில் பூச வேண்டியதே இல்லை, முகத்துக்கு ஜிங்க் ஆக்சைடு போதும்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் அம்மாவின் பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். கப்பல் மயாமிக்குத் திரும்பும்போது அவர் மறுபடி அமெரிக்காவுக்குள் நுழைய வேண்டும், அதற்கு அவருடைய விசா பலமுறை நுழைய அனுமதிப்பதாக இருக்க வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இந்த நான்கு நாடுகளிலும் என்ன கேட்பார்கள் என்று கப்பல் கம்பெனியிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொண்டு, அப்புறம் டூர்களுக்குப் பணம் கட்டுங்கள். மகனின் டயப்பர் விஷயத்தையும் அதே கடிதத்தில் கேட்டுவிடலாம்.

அன்புடன்.