ஜிஷோ 7 என்ற தேதி போலியா?

ஐயா, ஜப்பானில் ஆண்டுகளை எண்ண அரசவை சூட்டும் பெயர்களுள் ஒன்றான ஜிஷோ 5-ஆம் ஆண்டிலேயே முடிந்திருக்க, தங்களிடமுள்ள ஆவணப் படியில் ‘ஜிஷோ 7’ என்றிருப்பதால் அது போலியோ எனக் கேட்டிருந்தீர்கள். அதை மட்டும் வைத்து அப்படி முடிவுகட்ட வேண்டாம்.

1177-இல் தொடங்கிய ஜிஷோவை, தாய்ரா என்ற போர்வீரர் குலத்தின் பிடியிலிருந்த தலைநகர் கியோத்தோவின் அரசவை 1181-இல் யோவா என்றும், மறு ஆண்டே ஜூயெய் என்றும் மாற்றியது. அவர்களுக்கு எதிராக 1180-இல் படைதிரட்டிய மினமோட்டோ நோ யோரிதோமோவோ, குழந்தைப் பேரரசர் அந்தோகுவின் பெயரால் வந்த அந்த மாற்றங்களை ஏற்காமல், கிழக்கில் தம் தளமான காமகுராவில் ஜிஷோ 6, 7 என்றே எண்ணி வந்தார். 1183-இன் பிற்பகுதியில் அரசவையோடு இணக்கம் ஏற்பட்ட பிறகே ஜூயெய்க்கு மாறினார்.

ஜிஷோ (治承) என்ற பெயரிலுள்ள ‘承’ என்ற எழுத்துக்கு ‘ஏற்றுத் தொடர்தல்’ என்று பொருள் என்பது வேடிக்கைதான்! ஆவணம் கிழக்கு மாகாணங்களில் எழுதப்பட்டதா என்று பாருங்கள். கியோத்தோவில் எழுதியதாக இருந்தால் உங்கள் ஐயம் நியாயமானதே.