ஆயாவின் ஒன்பது படங்கள்

வணக்கம் ஐயா,

என் அம்மாவைப் பெற்ற ஆயா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அவருடைய படங்கள் ஒன்பது கிடைத்தன. முகத்தில் 68 புள்ளிகளைப் பொருத்தும் மாடலைக் கணினியில் ஓட்டிப் பார்த்தேன். எட்டில் சரியாக உட்காருகிறது. மாந்தோப்பில் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிக்கும் படத்தில் மட்டும் வாய்ப் புள்ளிகள் மோவாய்க்குக் கீழே போய்விடுகின்றன. அதை விட்டுவிடலாமா?

ஒரு வாசகி, காவேரிப்பட்டணம்

அன்புள்ள வாசகிக்கு,

விட்டுவிடாதீர்கள். அந்தப் படத்தைத் தனியாகப் பொருத்தியதுதான் சிக்கல்.

மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் கூட்ஸ், எட்வர்ட்ஸ், டெய்லர் மூவரும் 1998-ல் முன்வைத்த ஆக்டிவ் அப்பியரன்ஸ் மாடலின் வழிவந்ததைத்தான் ஓட்டியிருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். பல முகங்களைப் பார்த்து ஒரு சராசரி வடிவத்தையும், முகங்கள் அதிலிருந்து எப்படியெல்லாம் விலகும் என்பதையும் அது கற்றுவைத்திருக்கும். நிறம், நிழலுக்கும் அப்படியே. அப்புறம் தானே ஒரு முகம் வரைந்து, படத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசம் குறையும் பக்கமாக நகரும். உங்கள் படத்தில் முந்தானையின் அரக்குக் கரையை உதடு என்று எடுத்துக்கொண்டு அங்கேயே நின்றிருக்கும்.

ஒன்பதையும் சேர்த்துப் பொருத்துங்கள். ஆயாவின் முகவாகு எல்லாப் படத்திலும் ஒன்றுதானே? அது சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று சொல்லும் எண்களை ஒன்பது படத்துக்கும் பொதுவாக வையுங்கள். தலைச்சாய்வு, சிரிப்பு, வெளிச்சம் மட்டும் படத்துக்குப் படம் மாறட்டும். மூக்குக்கும் உதட்டுக்கும் இவ்வளவுதான் இடைவெளி என்று எட்டுப் படங்கள் பிடித்துக்கொண்டால், ஒன்பதாவதில் வாய் அவ்வளவு தூரம் இறங்க முடியாது. முந்தானை மறைத்த இடத்தைக் கணக்கிலிருந்து விலக்கிவிடுங்கள்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, ஒன்பது முகங்களையும் சராசரி வடிவத்துக்கு இழுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சராசரி எடுங்கள். என் அம்மாவின் படங்களில் இதைச் செய்தபோது மூக்குத்தி இருந்த இடத்தில் வெறும் வெள்ளைப் புகைதான் தெரிந்தது. விலகியிருந்த ஒரு படத்தைத் திருத்தியதும் கல் பளிச்சென்று வந்தது. அன்று அதற்குமேல் வேலை ஓடவில்லை.

ஒரு விஷயத்தில் கவனம் தேவை. பல் விழுந்து கன்னம் ஒட்டிய முகங்கள் மாடல் பார்த்துக் கற்ற பயிற்சிப் படங்களில் இல்லையென்றால், மாடல் ஆயாவைத் தன் சராசரிக்கு இழுக்கும். அதனால் இரண்டு மூன்று படங்களிலாவது புள்ளிகளை நீங்களே கையால் வையுங்கள். முந்தானைக்குப் பின்னால் மாடல் வரைந்து தரும் வாய் ஊகம்தான். சட்டம் போடுவதாக இருந்தால் மாந்தோப்புப் படத்தை இருந்தபடியே போடுங்கள்.