டிபென்டன்ட் என்ற சொல்லைப் பார்த்துச் சுருங்கிப்போன தங்கச்சிக்கு

இங்கிலாந்தில் லெஸ்டருக்கு வந்து ஆறு வாரமான அம்மாபேட்டைத் தங்கச்சி ஒருத்தி கேட்டிருந்தாள்: "அக்கா, சேலத்துல எட்டு வருஷம் பேங்க் கேஷ் கவுன்ட்டர்ல உட்கார்ந்தவ நான். இங்க வந்தா விசாவுல 'டிபென்டன்ட்'னு போட்டிருக்காங்க. பார்க்கறப்பல்லாம் தண்டச்சோறுன்னு எழுதின மாதிரி இருக்குங்க. இந்தச் சொல்லுக்கு இவங்க என்னதான் அர்த்தம் வச்சிருக்காங்க?"

நான் செவ்வாய்ப்பேட்டைக்காரி. லீட்ஸ் போய் 14 வருஷம் ஆகிறது. நான் போனதும் இதே சொல்லோடுதான். இப்போது லீவுக்கு வந்து, ஏற்காட்டில் மாமியார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

அந்தச் சொல்லுக்கு 'ஒருவரைச் சார்ந்திருப்பவர்' என்று பொருள், லத்தீனில் 'தொங்குதல்' என்பதிலிருந்து வந்தது. கழுத்தில் போடும் 'பென்டன்ட்' இருக்கிறதே, அதற்கும் அதுதான் வேர். பெயர்ச்சொல்லாக வந்தால் இங்கிலாந்தில் கடைசி அசையில் 'ஏ' (a) போடுவார்கள், 'சார்ந்த' என்று பெயரடையாக வந்தால் 'இ' (e). அமெரிக்காவில் இரண்டுக்கும் 'இ'தான். எழுத்துப் பிழை என்று நினைத்து விண்ணப்பத்தில் நான் ஒருமுறை திருத்திவைத்தேன், வீண் வேலை.

சரி, தொங்குவது யார்? உன் வீட்டுக்காரர் ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் வந்திருப்பார் என்று வைத்துக்கொள்கிறேன். அவர் விசா ஒரு முதலாளியோடு கட்டிப்போட்டது. அந்த வேலை போனால் பெரும்பாலும் 60 நாள் அவகாசம், அதற்குள் வேறொரு ஸ்பான்சர், அதாவது விசாவுக்குப் பொறுப்பேற்கும் முதலாளி, பிடிக்க வேண்டும். உனக்கு அந்தக் கட்டு கிடையாது. தொழில்முறை விளையாட்டைத் தவிர ஏறக்குறைய எந்த வேலைக்கும் போகலாம், பிடிக்கவில்லை என்றால் திங்கட்கிழமையே வேறு கடைக்கு மாறலாம், யாரிடமும் ஸ்பான்சர் கடிதம் கேட்க வேண்டியதில்லை. ஆனால் அவர் விசா விழுந்தால் உன்னுடையதும் விழும். எங்கள் தெருப் பட்டறைகளில் கொலுசுக்குச் சலங்கை கோப்பார்கள். சங்கிலியில் சலங்கை தொங்கும், சங்கிலி கொக்கியில் தொங்கும். உன் விசாவில் 'டிபென்டன்ட்' என்று எழுதியிருக்கிறது, அவருடையதில் எழுதவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

தண்டச்சோறு என்ற வாடை அந்தச் சொல்லுக்கு இல்லை. வங்கியில் கடன் கேட்டுப் போனால், "உங்களுக்கு டிபென்டன்ட்ஸ் எத்தனை பேர்?" என்று படிவத்தில் இருக்கும். பெரும்பாலும் பிள்ளைகளைத்தான் கேட்கிறார்கள்.

அதே வேரிலிருந்து வரும் 'டிபென்டபிள்' என்பது பாராட்டு. வேலைக்கான ரெஃபரன்ஸ் கடிதத்தில் யாராவது உன்னை அப்படி எழுதினால் சந்தோஷப்படு. நம்பி ஒப்படைக்கலாம் என்று பொருள். திட்டு வேண்டுமானால் அவர்களிடம் 'நீடி' (எப்போதும் அடுத்தவர் தயவைத் தேடுகிறவர்), 'கிளிங்கி' (ஒட்டிக்கொண்டே இருக்கிறவர்) என்று தனியாக இருக்கின்றன.

'கிளிங்கி'யை நான் முதலில் கேட்டது பையனின் நர்சரியில். "கொஞ்சம் கிளிங்கியாக இருக்கிறான்" என்று டீச்சர் சொன்னபோது எனக்குப் பெருமைதான். முந்தானையை விடமாட்டேன் என்கிறான் என்று நம் வீட்டில் அதைச் சிரித்துக்கொண்டே சொல்வோமே. அவர்களுக்கோ அது சரிசெய்ய வேண்டிய குணம். இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் மாலை போய் நிற்கிறேன். பையன் கோட்டைத் தரையில் விரித்தான், தொப்பிப் பக்கம் தன் காலருகே வருகிற மாதிரி. குனிந்து இரண்டு கையையும் கைத்துளைக்குள் விட்டான். அப்படியே தலைக்கு மேலே தூக்கி ஒரு வீச்சு. கோட்டு முதுகில் வந்து உட்கார்ந்துவிட்டது. "வெரி இன்டிபென்டன்ட்!" என்று டீச்சர் கை தட்டினாள். இதை நான் சேலத்தில் எங்கம்மாவிடம் சொன்னதற்கு, "அத்தனை நேரம் நீ என்னடி பண்ணிட்டிருந்தே?" என்றார்.

'இன்டிபென்டன்ட்' என்றதும் ஏமாந்துவிடாதே. இன்டிபென்டன்ட் ஸ்கூல் என்பதை நம்ம ஊர் அட்டானமஸ் காலேஜ் போல நினைத்தேன், தானே பாடத்திட்டம் போட்டு, தானே பரீட்சை வைக்கும் போல என்று. போன் போட்டுப் பேசினபிறகுதான் தெரிந்தது, அது கட்டணம் வாங்கும் தனியார் பள்ளி. 2025 ஜனவரியிலிருந்து அந்தக் கட்டணத்துக்கு 20 சதவீத வாட் வரி வேறு. இதில் பழைய, பெரிய பணக்காரப் பள்ளிகளுக்கு 'பப்ளிக் ஸ்கூல்' என்று பெயர், கேட்டுக்கொள்.

பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு 84 வயது. அவருக்கு இன்டிபென்டன்ட் என்றால் கார் ஓட்டுவது. அங்கே 70 வயதிலிருந்து மூன்று வருஷத்துக்கு ஒருமுறை லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். அந்த உறை வந்த அன்று பாட்டி எனக்கு ஒரு கேக் கொடுத்தார். மகளோடு போய் இருக்கலாமே என்று ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டேன். ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்புறம் 'லீவ் டு ரிமெய்ன்' என்று கடிதத்தில் வந்தால் குழம்பாதே. அந்த 'லீவ்' அனுமதி என்ற பொருளில் வருவது. எங்கப்பா இன்றைக்கும், "உனக்கு அந்த லீவு இன்னும் முடியலையா?" என்றுதான் கேட்கிறார்.

எதிரே சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறி நிற்கிறது. அது மரத்தின் சாற்றில் ஒரு சொட்டும் குடிப்பதில்லை, பிடித்துக்கொள்ள வேர் போடும், சாப்பாடெல்லாம் மண்ணிலிருந்துதான். சாறு குடிப்பது புல்லுருவி. மாமியார் அதை மாமரத்தில் கண்டால் அன்றைக்கே ஆள் விட்டு வெட்டிவிடுவார்.

நீ இப்போது செய்ய வேண்டியது, வேலைக்கும் வரிக்கும் வேண்டிய நேஷனல் இன்ஷூரன்ஸ் எண்ணுக்கு விண்ணப்பம் போடு. கவுன்சில் வரி (நம்ம ஊர் வீட்டு வரி மாதிரி) பில்லில் உன் பெயரையும் சேர்க்கச் சொல், முகவரிச் சான்றுக்கு நாளைக்கு நீ யாரிடமும் நிற்க வேண்டாம். பேங்கில் எட்டு வருஷம் இருந்ததை எழுதி ஒரு பழைய மேனேஜரிடம் கடிதம் வாங்கி வை. 12ஆம் தேதி திரும்புகிறேன், ஏற்காட்டு மிளகு அரைக் கிலோ கொண்டுவரட்டுமா?