ஹைப்பர்நோவா என்றால் என்ன? அதற்கு அவ்வளவு ஆற்றல் எங்கிருந்து வருகிறது?

பெருநிறை விண்மீன் ஒன்று வெடித்துச் சிதறும்போது, சிதறும் பொருளின் இயக்க ஆற்றல் வழக்கமான சூப்பர்நோவாவில் இருப்பதைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கோ அதற்கு மேலோ இருந்தால், அதை ஹைப்பர்நோவா என்கிறோம். 1998 ஏப்ரலில் காமாக் கதிர் வெடிப்பு (விண்ணிலிருந்து சிறிது நேரம் பாயும் மிகு ஆற்றல் கதிர்வீச்சு) ஒன்றை ஒட்டித் தென்பட்ட ‘எஸ்என் 1998பிடபிள்யூ’ இதற்குப் பெயர்பெற்ற சான்று. அதன் வாயுக்கள் ஒளிவேகத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் விரிந்தன.

காரணம் நிறை மட்டுமன்று, சுழற்சியும்தான். எரிபொருள் தீர்ந்த மையம் கருந்துளையாகச் சுருங்கும்போது, வேகமாகச் சுழலும் விண்மீனின் எஞ்சிய பொருள் நேராக உள்ளே விழ இயலாமல், தொட்டியின் அடைப்பைத் திறந்ததும் துளையைச் சுற்றிச் சுழன்றிறங்கும் தண்ணீரைப்போல, வட்டாகத் திரண்டு கடுமையாகச் சூடேறுகிறது. அதிலிருந்து இரு துருவத் திசைகளிலும் பீறிடும் தாரைகள் விண்மீனையே துளைத்து வெளியேறுகின்றன. 1993இல் வானியற்பியலாளர் ஸ்டான் வூஸ்லி முன்வைத்த விளக்கத்தின் சாரம் இதுதான். கருந்துளைக்குப் பதிலாக, கடுங்காந்தப்புலம் கொண்ட நியூட்ரான் விண்மீனே வெடிப்புக்கு ஆற்றல் தரும் இயந்திரமாகிறது என்னும் மாற்றுக் கருத்தும் வலுவானதே; அதற்கும் வேகமான சுழற்சி தேவை.

திருவாதிரை விண்மீன் ஹைப்பர்நோவாவாகி நம்மை அழித்துவிடும் எனப் பலர் அஞ்சுகிறார்கள். ஆனால் தாரைகள் துளைத்து வெளியேறத் தடையாகும் தன் ஹைட்ரஜன் உறையை இன்னும் இழக்காத அது, பல நூறு ஒளியாண்டுத் தொலைவில், சாதாரண சூப்பர்நோவாவாக வெடிக்கும் என்பதே எதிர்பார்ப்பு.