கேஷும் காசும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். ஏப்ரலில் தமிழ்மொழி மாத நிகழ்ச்சி ஒன்றுக்கு மகளை அழைத்துப் போயிருந்தேன். அங்கே பேசிய ஒருவர், ஆங்கிலத்தில் 'கேஷ்' என்பதே நம் 'காசு'தான், வெள்ளைக்காரன் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டான் என்றார். நல்ல கைதட்டல். உயர்நிலை இரண்டில் படிக்கும் என் மகள் அதை அப்படியே ஆங்கில வகுப்பில் சொல்லியிருக்கிறாள். ஆசிரியர் அகராதியைத் திரையில் போட்டு, அது பிரெஞ்சிலிருந்து வந்த சொல் என்று காட்டிவிட்டாராம். கூடப் படிப்பவர்கள் சிரித்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தவள், "இனிமே தமிழப் பத்தி யார் என்ன பெருமையா சொன்னாலும் நம்ப மாட்டேம்மா" என்றாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. யார் சொன்னது சரி?

இன்னொன்றும் கேட்க வேண்டும். கடையில் 'கேஷ்' என்று சொல்வதற்குப் பதிலாகக் 'காசு' என்றே சொல்லிப் பழகலாமா?

— ஒரு வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

*

அன்புள்ள சகோதரிக்கு,

ஆசிரியர் சொன்னது சரி. மேடையில் பேசியவர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை அவர் ஒழுங்காகப் பிரித்துச் சொல்லியிருந்தால் உங்கள் மகள் வகுப்பில் தலைகுனிய வேண்டி வந்திருக்காது. எனக்கு ஆற்றாமையாக இருப்பது அதுதான்.

ஆங்கிலத்தில் கேஷ் என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. எழுத்து ஒன்று, உச்சரிப்பு ஒன்று, பிறந்த வீடு வேறு. நம்மிடம் 'மாலை' இல்லையா? கழுத்தில் விழுவது ஒன்று, பொழுது சாய்வது ஒன்று. அதுபோலத்தான். பெரிய அகராதிகள் இரண்டையும் தனித்தனியாகவே போட்டிருக்கும். ஆசிரியர் காட்டியது முதலாவதை. திரையை இன்னும் கொஞ்சம் கீழே தள்ளியிருந்தால் இரண்டாவதில் தமிழின் பெயர் இருந்திருக்கும்.

முதல் கேஷ், நாம் தினமும் புழங்குவது. அதன் அடிப்படைப் பொருள் பணம் அல்ல. பணப்பெட்டி என்றுதான் பொருள். லத்தீனில் 'காப்சா' என்றால் பெட்டி. அது இத்தாலியில் 'காஸ்ஸா' ஆனது, பிரான்சில் 'கேஸ்' ஆனது. வியாபாரிகளின் வாய்வழியாக 1590களில் ஆங்கிலத்துக்கு வந்தது. பெட்டியைக் குறித்த சொல் பெட்டிக்குள் இருப்பதற்கும் பெயராகி, கடைசியில் பெட்டி உதிர்ந்து பணம் மட்டும் நின்றது. பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்தான் கேஷியர். மருந்து கேப்ஸ்யூல் இருக்கிறதே, அதுவும் அதே காப்சாவின் பிள்ளை. சின்னப் பெட்டி என்று அர்த்தம். சூட்கேஸில் வரும் கேஸும் அதே குடும்பம்.

காலக் கணக்கையும் பாருங்கள். கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கப்பட்டது 1600ஆம் ஆண்டின் கடைசி நாளில். சென்னைக் கரையில் அவர்களுக்கு இடம் கிடைத்தது 1639இல். அதற்கு முன்பே லண்டன் வியாபாரி தன் பணப்பெட்டியைக் கேஷ் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பெட்டி பணமானது நமக்குப் புதிதா என்ன? தேக்காவில் எந்த மளிகைக் கடையிலும் 'கல்லாவில் யார்?' என்று கேட்கிறோம். கல்லா என்பது பெட்டி. 'இன்னிக்குக் கல்லா எப்படி?' என்று கேட்டால் அது வசூல். படம் நன்றாக ஓடினால் 'கல்லா கட்டுது' என்கிறோம். இந்துஸ்தானியிலிருந்து வந்த அந்தச் சொல் நம் கண்ணெதிரே கேஷ் நடந்த அதே வழியில் நடந்திருக்கிறது. ஒரு காலத்தில் இங்கே மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்கள் வட்டிக்கடை நடத்திய கிட்டங்கிகள் இருந்தன. நம்மவர்களுக்கு அது செட்டித் தெரு. நீளமான கூடத்தில் வரிசையாக ஆட்கள் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு மரப்பெட்டி. அதன்மேல் கணக்கு எழுதுவார், அதற்குள் பணம் இருக்கும், அதுதான் அவருடைய கடை. வேலை பழக வரும் கடைக்குட்டிக்குப் 'பெட்டியடிப் பையன்' என்று பெயர். அவனை லண்டனுக்கு அனுப்பியிருந்தால் கேஷ் என்ற சொல்லை யாரும் அவனுக்கு விளக்கியிருக்க வேண்டாம்.

சரி, இப்போது இரண்டாவது கேஷ். மனசுக்கு நெருக்கமானது என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

வாட்டர்லூ ஸ்திரீட்டில் கிருஷ்ணன் கோயிலும் குவான் இம் கோயிலும் அடுத்தடுத்து இருக்கின்றன. அந்தப் பக்கம் ஒரு சீனப் பெரியவர் துணி விரித்துப் பழைய சாமான் விற்றுக்கொண்டிருந்தார். சிவப்பு நூலில் கோத்த செம்பு நாணயங்கள் ஒரு கொத்து. ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நம் 50 காசு அளவு, அதைவிட மெல்லிசு. நடுவில் சதுர ஓட்டை. ஓட்டையைச் சுற்றி நான்கு பக்கமும் நான்கு சீன எழுத்துகள், தேய்ந்து மழுங்கியவை. நூல் உரசி உரசி ஓட்டையின் ஒரு மூலை வழவழவென்று ஆகியிருந்தது. "என்ன இது?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். "ஓல்ட் கேஷ்" என்றார். சீனத்தில் அவர் வீட்டில் அதற்கு வேறு பெயர் இருக்கும். ஆனால் ஆங்கிலத்தில் அவர் வாயிலிருந்து வந்தது நம் காசு. அந்த நிமிடம் எனக்குப் புல்லரித்தது, மறைக்க மாட்டேன்.

அது அவரிடம் எப்படிப் போனது? 1498இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு வந்தார். 1511இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடித்தார்கள். நம் கரையில் சில்லறை நாணயத்தைக் காசு என்று சொல்லக் கேட்டவர்கள் அதைக் 'காய்ஷா' என்று தங்கள் எழுத்தில் எழுதிக்கொண்டார்கள். அவர்கள் மொழியில் காய்ஷா என்று ஏற்கனவே ஒரு சொல் உண்டு. பொருள் என்ன தெரியுமா? பெட்டி! அதே லத்தீன் காப்சாவின் போர்த்துக்கீசிய உருவம். புதிதாகக் காதில் விழுந்த சொல்லைத் தங்களுக்குப் பழகிய சொல்லின் அச்சில் ஊற்றிவிட்டார்கள். அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் எடுத்தபோது இதுவும் கேஷ் ஆயிற்று. இரண்டு சொற்களும் ஒரே முகத்தோடு நிற்பதற்கு இதுதான் காரணம். மேடையில் பேசியவர் குழம்பியதில் வியப்பில்லை.

பிறகு அந்தக் கேஷ் கிழக்கே போனது. தென்னிந்தியச் சில்லறை, தென்கிழக்காசியச் சில்லறை, கடைசியில் சீனாவின் ஓட்டை நாணயம் என்று எல்லாவற்றுக்கும் ஐரோப்பியர் அதே பெயரைச் சொன்னார்கள். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் சீனாவில் புழங்கிய நாணய வகை அது. ஆயிரம் நாணயத்தை ஒரு சரமாகக் கோத்து எண்ணுவார்கள். நாணயம் சேகரிப்பவர்கள் இன்றும் அதைக் கேஷ் என்றுதான் சொல்கிறார்கள்.

சென்னையில் கம்பெனியின் கணக்கே காசில்தான் ஓடியது. 80 காசு சேர்ந்தால் 'பணம்' என்ற நாணயம் ஒன்று, 42 பணம் சேர்ந்தால் 'வராகன்' என்ற பொன் நாணயம் ஒன்று. 1818 வாக்கில் ரூபாய் வரும்வரை இந்தக் கணக்குதான். இங்கிலாந்தின் பர்மிங்காமில் அச்சடித்த கம்பெனி நாணயத்தில் ரோம எண்ணில் இருபது போட்டுப் பக்கத்தில் கேஷ் என்று பொறித்திருக்கும். 1808 என்ற ஆண்டு போட்ட அந்த நாணயங்களைச் சுமந்து சென்னைக்குப் புறப்பட்ட அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரம் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் முக்குளிப்பவர்கள் அவற்றை மூட்டை மூட்டையாக வெளியே எடுத்தார்கள். திருவிதாங்கூரில் 1949 வரைகூடக் காசு ஓடியது; 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய்.

இனி வீட்டுப் பக்கம் வாருங்கள். காசு நம்மிடம் எவ்வளவு பழையது? குறுந்தொகை 67ஆம் பாட்டில் ஒரு கிளி வேப்பம்பழத்தை அலகில் பிடித்திருக்கிறது. அள்ளூர் நன்முல்லை அதற்குச் சொல்லும் உவமை, புதுநூல் கோப்பதற்காகப் பொற்கொல்லர் கூரிய நகத்தில் பற்றிய 'பொலங்கல ஒருகாசு'. மஞ்சளாய், உருண்டையாய், வளைந்த இரண்டு முனைக்கு நடுவே ஒரு பொற்காசு! அங்கேயும் நூல், அங்கேயும் கோக்கிற காசு. வாட்டர்லூ ஸ்திரீட்டில் சிவப்பு நூலைப் பார்த்தபோது எனக்கு இந்தக் கிளிதான் நினைவுக்கு வந்தது. சிராங்கூன் சாலை நகைக்கடைகளில் தொங்கும் காசுமாலையும் அந்த வேலையின் தொடர்ச்சிதான்.

அப்புறம், ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் திருவீழிமிழலையில் 'வாசி தீரவே காசு நல்குவீர்' என்று பாடுகிறார். நாணயம் மாற்றும்போது பிடிக்கிற கழிவுக்கு வாசி என்று பெயர். அந்த வாசி இல்லாத நல்ல காசு கொடு என்று சிவனிடம் கேட்கிறார். முஸ்தபா பக்கம் ரூபாய் மாற்றப் போய் நிற்கிற ஒவ்வொருவரும் மனசுக்குள் பாடுகிற பாட்டு அது.

உங்கள் மகளுக்கு ஒரு சின்னப் பயிற்சி சொல்கிறேன். 'ஒன்று'ம் ஆங்கில 'ஒன்'னும், 'எட்டு'ம் ஆங்கில 'எயிட்'டும் ஒன்றுபோலக் கேட்கின்றன, அவையும் தமிழ்தான் என்று நாளைக்கு யாராவது சொல்வார்கள். அவள் பின்னோக்கி நடந்து பார்க்கட்டும். பழைய ஆங்கிலத்தில் ஒன்றுக்கு 'ஆன்', லத்தீனில் 'ஊனுஸ்'. எட்டுக்கு லத்தீனில் 'ஆக்டோ'. பின்னால் போகப் போகச் சாயல் கலைந்துவிடுகிறது. உண்மையான உறவாக இருந்தால், போன வழி தெரியும்: எந்தத் துறைமுகம், எந்தக் கப்பல், யார் எழுதிவைத்தது என்று காட்டலாம். சுருட்டு 'செரூட்' ஆனதையும் கட்டுமரம் 'கேட்டமரான்' ஆனதையும் மிளகுத்தண்ணீர் 'மல்லிகடானி' ஆனதையும் எந்த வகுப்பிலும் தைரியமாகச் சொல்லலாம். மலாய்ப் பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. கடை அவர்களிடம் 'கெடாய்', கப்பல் 'காப்பால்', பெட்டி 'பெத்தி', தொழிலில் போடுகிற முதல் 'மோடால்'. இவ்வளவு உண்மை கையில் இருக்கும்போது, ஆராயாத ஒன்றை மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்கி, அதன் விலையை ஒரு பதினான்கு வயதுப் பெண்ணைக் கட்டவைப்பது எனக்குப் பொறுக்கவில்லை. அவளிடம் சொல்லுங்கள், அவள் ஏமாறவில்லை. பாதிக் கதையோடு போய்விட்டாள், அவ்வளவுதான். அகராதியின் அடுத்த பதிவை எடுத்துக்கொண்டு அதே ஆசிரியரிடம் போகட்டும். நல்ல ஆசிரியராகத்தான் தெரிகிறார், அகராதியைத் திறந்து காட்டியிருக்கிறாரே. மகிழ்ந்து கேட்பார்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இந்த ஊர்த் தமிழில் காசுக்குத் தனி வேலை இருக்கிறது. 'மூணு வெள்ளி அம்பது காசு' என்கிறோம். வெள்ளி டாலர், காசு சென்ட். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வருகிறவர் முதல் வாரம் இதில் கொஞ்சம் தடுமாறுவார். அதனால் கையிருப்புப் பணம் என்ற பொருளில், செய்தியிலும் அறிவிப்புப் பலகையிலும் 'ரொக்கம்' என்று எழுதுவதுதான் தெளிவு. பேச்சில் அந்தக் கவலை வேண்டாம். போன வாரம் தேக்கா உணவங்காடியில் தோசை வாங்கினேன். கடைக்கார அம்மா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே, "கேஷா, பேநவ்வா?" என்றார். பேநவ் என்பது கைப்பேசியில் பணம் அனுப்புவது. "காசுதாங்க்கா" என்று நீட்டினேன். வாங்கிப் போட்டுக்கொண்டு மீதி கொடுத்தார். அதில் ஒரு 10 காசு. தேங்காய்ச் சட்னி ஈரம் பட்டிருந்தது. துடைத்துப் பார்த்தால் ஓரத்தில் தமிழில் 'சிங்கப்பூர்' என்று இருந்தது.

அன்புடன்.