வாசகர் கேள்வி: வார இறுதிக்கு ஒரு பழைய கார்வெட்

கேள்வி: அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தில் வசிக்கிறேன். வார இறுதிகளில் மட்டும் ஓட்டுவதற்காக, 1990களில் வெளிவந்த செவ்ரோலே கார்வெட் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைக் குறைந்த விலையில் வாங்க விரும்புகிறேன். எவற்றைக் கவனிக்க வேண்டும்?

பதில்: கார்வெட்டின் வெளிக்கூடு கண்ணாடியிழைக் கலவையால் ஆனதால் துருப்பிடிக்காது, ஆனால் அதைத் தாங்கும் எஃகுச் சட்டம் துருப்பிடிக்கும். உங்கள் பகுதியில் பனிக்காலத்தில் சாலைகளில் உப்புத் தூவுவதால், பளபளக்கும் பெயின்டைக் கண்டு மயங்காமல், வண்டியை லிஃப்டில் ஏற்றி அடிப்பகுதியைப் பார்த்த பிறகே விலை பேசுங்கள். 1992 முதல் 1996 வரை வந்த எல்டி1 எஞ்சினில், தீப்பொறியைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் தண்ணீர் பம்புக்குக் கீழே இருக்கிறது (அந்த இடத்தை யார் தேர்ந்தெடுத்தார்களோ!). பம்ப் கசிந்தால் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) டிஸ்ட்ரிபியூட்டர்மேல் சொட்டி எஞ்சின் திணறத் தொடங்கும் என்பதால், இவ்விரண்டும் எப்போது மாற்றப்பட்டன என்பதற்கு ரசீது கேளுங்கள். கழற்றி மாட்டும் கூரையின் ரப்பர் பட்டைகள் தேய்ந்திருந்தால் மழைநீர் உள்ளே இறங்கும். இருக்கைக்கு முன்னால் உள்ள கம்பளத்தை விரலால் அழுத்தினாலே ஈரம் தெரிந்துவிடும். சற்றுக் கூடுதலாகச் செலவிட முடிந்தால், 1997இல் வந்த அடுத்த தலைமுறை வண்டிக்கே என் ஓட்டு: 345 குதிரைத்திறன், தீப்பொறிக்கான மின்சாரம் தரச் சிலிண்டருக்கு ஒரு காயில், அந்த டிஸ்ட்ரிபியூட்டர் தொல்லையும் கிடையாது.