‘என்னால் இயன்றவரை’: ஒரு கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய சகோதரர் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

பல ஆண்டுகளாகக் காலையிலும் மாலையிலும் ‘ஸய்யிதுல் இஸ்திஃபார்’ என்ற பாவமன்னிப்பு துஆவை (பிரார்த்தனையை) ஓதி வருகிறேன். ஆயினும் ஒரு பாவத்திலிருந்து என்னால் விடுபட முடியவில்லை. சில நாட்கள் விலகியிருந்துவிட்டு மீண்டும் அதிலேயே விழுகிறேன். இப்போது ஓத உட்கார்ந்தாலே நயவஞ்சகம் செய்வதுபோல் இருக்கிறது. உறுதியான நம்பிக்கையோடு ஓதுபவருக்கே சொர்க்கம் என்று ஹதீஸில் (நபிமொழியில்) வருகிறதே, அந்த உறுதி இல்லாத நான் ஓதுவதை நிறுத்திவிடலாமா? ஒரு நண்பரைப் பற்றி அவர் இல்லாத இடத்தில் இழிவாகவும் பேசியிருக்கிறேன். அதற்கும் இந்த துஆவே போதுமா?

ஒரு வாசகர்

*

அன்புச் சகோதரருக்கு, வ அலைக்குமுஸ்ஸலாம்.

தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். நபித்தோழர் ஷத்தாத் பின் அவ்ஸ் (ரலி) அவர்கள் அறிவித்து, ஸஹீஹுல் புகாரி என்ற ஹதீஸ் தொகுப்பில் 6306ஆவது ஹதீஸாக இடம்பெற்றுள்ள இந்த துஆவை, நாக்குக்குப் பழகிப்போன வேகத்தைக் குறைத்து, பொருளோடு ஒருமுறை சொல்லிப் பாருங்கள்:

“இறைவா! நீயே என் இரட்சகன். உன்னைத் தவிர வணக்கத்திற்குரியவன் வேறு எவருமில்லை. நீயே என்னைப் படைத்தாய். நான் உன் அடிமை. உனக்களித்த உறுதிமொழியின்மீதும் வாக்குறுதியின்மீதும் என்னால் இயன்றவரை நிலைத்திருக்கிறேன். நான் செய்தவற்றின் தீங்கிலிருந்து உன்னிடம் பாதுகாவல் தேடுகிறேன். நீ எனக்கு அருளிய கொடைகளை ஒப்புக்கொள்கிறேன். என் பாவத்தையும் ஒப்புக்கொள்கிறேன். ஆகவே என்னை மன்னிப்பாயாக! பாவங்களை மன்னிப்பவன் உன்னையன்றி வேறு எவருமில்லை.”

‘மஸ்ததஃது’, அதாவது ‘என்னால் இயன்றவரை’ என்ற அந்த ஒரு சொல்லில் உங்கள் கேள்விக்கான பதில் முன்பே இருக்கிறது. பாவமன்னிப்புக் கோரல்களிலேயே தலையாயது என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த இந்த துஆவில், ‘இனி ஒருபோதும் தவற மாட்டேன்’ என்ற சொல் எங்குமே இல்லை. அடியானின் வலு எவ்வளவு என்பதை அறிந்த இரட்சகனின் முன்னால், அந்த வலுவின் அளவையும் சேர்த்தே சொல்லும்படி நமக்குக் கற்றுத்தரப்பட்டிருக்கிறது. இதைச் சலுகையாக எடுத்துக்கொள்ளக் கூடாதுதான். இயன்றதையும் செய்யாமல் இருப்பவர் இந்தச் சொல்லைச் சொல்ல முடியாது. ஆனால் விழுந்து, எழுந்து, மறுபடியும் முயல்கிற உங்களுக்கு இது உரியதே.

‘அபூஉ’ என்ற சொல்லுக்கும் வருகிறேன். ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று நாம் மொழிபெயர்க்கும் இதன் வேரில் ‘திரும்பி வருதல்’ என்ற பொருள் இருக்கிறது. அருட்கொடைக்கும் பாவத்திற்கும் இந்த ஒரே வினைச்சொல்தான் அடுத்தடுத்து இருமுறை வருகிறது. ஒருநாள் ஃபஜ்ர் (அதிகாலைத் தொழுகை) தொழுதபின் இதை ஓதிக்கொண்டிருந்தபோது, ‘என் பாவத்தையும்’ என்ற இடத்தில், முந்தைய நாள் நான் கடிந்து பேசிய ஒருவர் பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டது கண்முன் வந்து நின்றது. பாவம் என்று பொதுவாகச் சொல்லிக் கடந்துவந்த எனக்கு, அன்று அதற்கு ஒரு முகம் கிடைத்தது. மேற்கொண்டு ஓத வெகுநேரமாயிற்று. உங்களுக்கு அந்தப் பாவம் எது என்று தெளிவாகத் தெரிந்திருக்கிறது. அதைச் சொல்லும் இடத்தில் மனம் கூசவும் செய்கிறது. நயவஞ்சகர் இப்படிக் கூசுவதில்லை, சகோதரரே.

ஹதீஸ் கேட்கும் உறுதி, ‘யகீன்’, இந்த வார்த்தைகளின் உண்மையைப் பற்றியது: அவனே இரட்சகன், அவனே மன்னிப்பவன் என்பதைப் பற்றியது. நாளைய உங்களைப் பற்றிய உத்தரவாதமாக அதைப் புரிந்துகொண்டதால்தான் இத்தனை துன்பம். தவ்பாவுக்கு, அதாவது பாவத்திலிருந்து மனந்திரும்புவதற்கு, மார்க்க அறிஞர் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் கூறும் நிபந்தனைகள் மூன்று: பாவத்தை விட்டு விலகுதல், அதற்காக வருந்துதல், மீண்டும் செய்வதில்லை என்று உறுதிகொள்ளுதல். அந்த உறுதி, கொள்ளும் நேரத்தில் உண்மையாக இருக்க வேண்டும். பிறகு கால் இடறினால் புதிதாக ஒரு தவ்பா தேவைப்படுமேயன்றி, முன்பு செய்தது பொய்யாகிவிடாது. ஓர் அடியான் பாவம் செய்து மன்னிப்புக் கேட்கிறான், மன்னிக்கப்படுகிறான், மீண்டும் பாவம் செய்து மீண்டும் கேட்கிறான், மீண்டும் மன்னிக்கப்படுகிறான் என்று புகாரி, முஸ்லிம் ஆகிய இரு ஹதீஸ் தொகுப்புகளிலும் ஒரு ஹதீஸ் குத்ஸி (அல்லாஹ் கூறியதாக நபியவர்கள் அறிவித்த செய்தி) வருகிறது. ‘பாவங்களை மன்னிக்கும் இரட்சகன் தனக்கு உண்டு என்று என் அடியான் அறிந்திருக்கிறான்’ என்பதையே அல்லாஹ் அதில் காரணமாகச் சொல்கிறான்.

நண்பர் விஷயம் வேறு. மனிதருக்குரிய உரிமை சம்பந்தப்பட்டிருந்தால், அதை உரியவரிடம் தீர்த்துக்கொள்வதை நவவீ அவர்கள் நான்காவது நிபந்தனையாகச் சேர்க்கிறார்கள். தீனார், திர்ஹம் என்ற நாணயங்கள் பயன்படாத மறுமை நாள் வருமுன், அநீதி இழைத்தவர் இன்றே அதற்குப் பொறுப்பு நீங்கச் செய்துகொள்ளட்டும் என்பது நபிமொழி. நீங்கள் பேசியது அவர் காதுக்கு எட்டியிருந்தால் நேரில் சென்று மன்னிப்புக் கேளுங்கள். எட்டவில்லை, சொன்னால் புதிய காயமே உண்டாகும் என்றால், அவருக்காக துஆச் செய்து, எந்தச் சபையில் இழிவாகப் பேசினீர்களோ அதே சபையில் அவரிடமுள்ள நல்லதை எடுத்துச் சொல்லும்படி அறிஞர்கள் பலர் கூறியிருக்கிறார்கள். அதைக் கேட்டவர்கள் யார் யார் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். அவர்களிடமிருந்து தொடங்குங்கள், மாலையில் வழக்கம்போல் ஓதுங்கள்.